நாயக்கரும் நாயக்கும்: செஞ்சியில் ஒரு படைச்சொல்

தலைவன் எனப் பொருள்படும் 'நாயக' என்னும் வடசொல் செஞ்சிக் கோட்டையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆட்சியாளரைக் குறித்து நின்றது. 1677இல் சிவாஜி அக்கோட்டையைக் கைப்பற்றியபின் அதே சொல் காலாட்படையின் மிகச் சிறிய குழுவை நடத்தியவனுக்குப் பெயராயிற்று.

விஜயநகர ஆட்சியில் நாயக்கர் என்போர், பேரரசர் அளித்த 'அமரம்' என்னும் நிலப்பகுதியின் வருவாயைத் துய்த்து, அதற்கு ஈடாகக் குறித்த தொகையைச் செலுத்தவும் குறித்த எண்ணிக்கையில் காலாளும் குதிரையும் பேணவும் கடமைப்பட்ட படைத்தலைவர்கள். செஞ்சி மரபின் முதல்வராகக் கருதப்படும் கிருஷ்ணப்ப நாயக்கரின் பெயருக்குமுன் வரும் 'துபாக்கி' என்ற அடைமொழியே அம்மரபின் படைத்தொழிலைச் சொல்லிவிடுகிறது. 1565இல் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போருக்குப்பின் பேரரசின் பிடி தளரத் தளர, படைக்கணக்கில் பிறந்த இப்பதவி அரசபதவியாகவே உயர்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர்ப் படை அதற்கு முடிவு கட்டியது.

மராட்டியர் அமைப்பில் நாயக்கின் கீழ் இருந்தோர் ஏறத்தாழப் பத்துப் பேரே. அத்தகைய ஐந்து நாயக்குகளுக்கு மேல் ஒரு ஹவில்தார், அவருக்கு மேல் ஜும்லேதார், அவருக்கும் மேல் ஆயிரவர் தலைவனான ஹஜாரி என அடுக்கு ஏறிச் சென்றது. பொறுப்பேற்றவர் எனப் பொருள்படும் 'ஹவில்தார்' என்ற சொல்லோ இடத்துக்கு இடம் அளவு மாறியது: குதிரைப்படையில் 25 பேரின் தலைவரும் ஹவில்தார், கோட்டை முழுவதையும் காத்த தலைமை அலுவலரும் ஹவில்தார்! பட்டத்தை மட்டும் கண்டு படையின் அளவைக் கணிப்போர் இங்கே இடறுவர்.

சிறு குழுவின் மதிப்பைச் செஞ்சியின் பாறைகளே விளக்குகின்றன. ராஜகிரியின் உச்சிக்கு ஏறும் வழியை ஓர் ஆழ்ந்த பிளவு அறுத்து நிற்க, அதன்மேல் போடப்பட்ட மரப்பாலத்தை இழுத்துவிட்டால், பெரும்படையையும் ஒரு சிலரே தடுத்து நிறுத்த முடிந்தது. அவ்விடத்தில் ஆயிரவரை நிறுத்த இடமும் இல்லை, தேவையும் இல்லை. ஒரு நாயக்கின் ஆட்களே போதும்.

1761இல் செஞ்சியைக் கைப்பற்றிய ஆங்கிலேயக் கம்பெனி, தன் சிப்பாய்ப் படைகளில் கார்ப்பொரலுக்கு நிகராக நாயக்கையும் சார்ஜெண்டுக்கு நிகராக ஹவில்தாரையும் வைத்தது. தமிழோ, 'அர்' விகுதி பெற்ற வடிவை மரபுப் பெயருக்கும் அஃதில்லா வடிவைப் படைப்பதவிக்கும் ஒதுக்கி இரண்டும் குழம்பாமல் காத்தது. இன்றைய இந்தியத் தரைப்படையில் ஹவில்தாரின் கைப்பட்டைகள் மூன்று, நாயக்குக்கு இரண்டு.