பச்சைப் பாக்கெட்டின் வாக்குறுதி: வணிக நிறங்களில் வாங்குவோருக்கு உள்ள உரிமை

சென்னையில் விடியற்காலைப் பால் விற்பனை பெரும்பாலும் நிறங்களின் பெயராலேயே நடக்கிறது. "ரெண்டு பச்சை, ஒரு நீலம்" என்று கேட்பவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆவின் பழக்கிவிட்ட வழக்கப்படி ஆரஞ்சு என்றால் 6 சதவீதக் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பால். பச்சை என்றால் 4.5 சதவீதமுள்ள நிலைப்படுத்திய பால். நீலம் என்றால் 3 சதவீதமுள்ள சமன்படுத்திய பால். இந்த எண்கள் பாக்கெட்டின் மேல் சிறிய எழுத்தில் அச்சாகியும் இருக்கின்றன. ஆனால் காபிக்கு எது, தயிர் உறை ஊற்ற எது, குழந்தைக்கு எது என்ற வீட்டுக் கணக்குகள் அந்த எழுத்தை வைத்துப் போடப்படுவதில்லை. கணக்கு முழுவதும் நிறத்தில் நடக்கிறது. நிறம் இங்கே விளம்பரமாகவும் பெயராகவும் தர அளவாகவும் ஒரே சமயத்தில் வேலை செய்கிறது.

வணிக நிறங்களைப் பற்றி எழுதுவோரில் பலர் உளவியலிலிருந்து தொடங்குகிறார்கள். சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் நம்பிக்கை தரும், பச்சை இயற்கையை நினைவூட்டும் என்ற பட்டியல் மேலாண்மைப் பாடநூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பட்டியலை நான் ஏற்கவில்லை. கோகோ கோலா, கோல்கேட், மார்ல்பரோ, வோடஃபோன் ஆகிய நான்கும் சிவப்பைக் கொண்டே அறியப்பட்டவை. குளிர்பானத்துக்கும் பற்பசைக்கும் சிகரெட்டுக்கும் தொலைபேசிச் சேவைக்கும் பொதுவான ஓர் உணர்ச்சியைச் சிவப்பு எழுப்புகிறது என்றால் அந்த உணர்ச்சிக்கு விளக்கும் ஆற்றல் எதுவும் மிஞ்சவில்லை. பால் இன்னும் தெளிவான சான்று. பிரிட்டனில் நீல மூடி போட்டது முழுக்கொழுப்புப் பால். பச்சை மூடி பாதிக் கொழுப்பு நீக்கியது. சிவப்பு மூடி கொழுப்பை முழுதும் நீக்கியது. சென்னையில் நீலம் வாங்கிப் பழகியவர் லண்டனில் அதே நீலத்தை எடுத்தால் அவர் கைக்கு வருவது அங்குள்ள சாதாரண வகைகளிலேயே கொழுப்பு மிகுந்த பால். அதே நாட்டில் உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் பெரும்பாலான நிறுவனங்கள் உப்பும் வினிகரும் சேர்ந்த சுவைக்கு நீல உறையைப் பயன்படுத்த, வாக்கர்ஸ் மட்டும் அதற்குப் பச்சையைக் கொடுத்து, நீலத்தைப் பாலாடைக்கட்டி வெங்காயச் சுவைக்கு வைத்திருக்கிறது. வாங்குவோர் இரண்டையும் தடுமாறாமல் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

தூரத்திலிருந்து கண்ணை இழுப்பதில் நிறங்களுக்குள் வேறுபாடு உண்டு. அது உடல் சார்ந்த உண்மை. கண்ணை இழுப்பது வேறு, பொருளைச் சொல்வது வேறு. வணிக நிறத்தின் பொருள், ஒரே நிறத்தை ஒரே சரக்கோடு சேர்த்துப் பல்லாண்டுகள் இடைவிடாமல் காட்டுவதால் உண்டாவது. அதாவது அதில் பாதி உழைப்பு விற்பவருடையது; மீதிப் பாதி, பார்த்துப் பார்த்து நினைவில் இருத்திக்கொண்ட வாங்குவோருடையது. சட்டம் முதல் பாதிக்கு உரிமை கொடுத்திருக்கிறது. இரண்டாம் பாதியைக் கண்டுகொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிறத்தின் பொருள் பழக்கத்தால் வருவது என்பதை உளவியலாளர்களைவிட நீதிமன்றங்கள் தெளிவாகக் கண்டிருக்கின்றன. நெதர்லாந்தின் லிபர்டெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் ஆரஞ்சு நிறத்தைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யக் கேட்ட வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2003 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. தனி நிறத்துக்குத் தானாக ஒரு குறிப்பிட்ட செய்தியைச் சொல்லும் திறன் மிகக் குறைவு. எனினும் பயன்பாட்டால் அந்தத் திறனை அது பெற முடியும் என்பது நீதிமன்றத்தின் நிலை. காகிதத்தில் ஒட்டிய நிற மாதிரி காலப்போக்கில் வெளுத்துவிடும் என்பதால் சர்வதேச நிறக் குறியீட்டு எண் போன்ற நிலையான அடையாளம் வேண்டும் என்றும், நிறங்களின் எண்ணிக்கை குறைவு ஆகையால் பிற வணிகர்களுக்கு அவை கிடைக்காமல் போகக் கூடாது என்றும் அது சொன்னது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே இடத்துக்கு 1995-இல் வந்து சேர்ந்திருந்தது. சலவைக் கடைகளின் இஸ்திரி இயந்திரங்களில் விரிக்கும் மெத்தைகளைக் குவாலிடெக்ஸ் நிறுவனம் 1950களிலிருந்து பசும்பொன் நிறத்தில் விற்றுவந்தது. 1989-இல் ஜேக்கப்சன் என்ற போட்டி நிறுவனம் ஏறத்தாழ அதே நிறத்தில் மெத்தை விற்கத் தொடங்கியது. அந்த நிறம் மெத்தையின் வேலைக்கு எந்த வகையிலும் தேவையில்லை. ஆனால் வாங்குவோர் மனத்தில் அது குவாலிடெக்ஸைக் குறிக்கிறது. ஆகவே தனி நிறமும் வணிகச் சின்னம் ஆகலாம் என்று நீதிபதி ஸ்டீவன் பிரையர் எழுதிய ஒருமித்த தீர்ப்பு கூறியது. உரிமைக்கு அடிப்படையாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது எது என்பதைக் கவனிக்க வேண்டும். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவரின் கற்பனை அல்ல அது, வாங்குவோரின் நினைவு.

இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் நிறச் சேர்க்கையைச் சின்னத்தின் இலக்கணத்திலேயே சேர்த்திருக்கிறது. இதன்பின் வந்த வழக்குகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, கோல்கேட்டும் ஆங்கரும் பற்பொடி உறைக்காக 2003-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் மோதியது. மூன்றில் ஒரு பங்கு சிவப்பு, மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை, அதே வரிசையில்; இதுதான் சர்ச்சைக்குரிய சேர்க்கை. இரண்டின் பெயர்களும் வெவ்வேறு. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குக் குழப்பமே வராது. ஆங்கர் அதைத்தான் சொல்ல முடியும். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எந்த நிறத்துக்கும் எவரும் ஏகபோக உரிமை கொண்டாட முடியாது. ஆனால் நெடுங்காலம் வாங்குவோர் மனத்தில் பதிந்துவிட்ட நிற அமைப்பை அதே வரிசையில் எடுத்தாள்வது, படிக்கத் தெரியாதவரையும் கவனிக்காதவரையும் ஏமாற்றும் என்று சொல்லி ஆங்கருக்கு இடைக்காலத் தடை விதித்தது. எழுத்தறிவில்லாத ஒருவர் கடையில் நின்று கண்ணால் அடையாளம் காணும் முறையைச் சட்டம் மதித்த தருணம் அது. அந்தத் தீர்ப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. கேட்பரி தன் சாக்லெட் உறையின் ஊதாவுக்கு, பான்டோன் நிறக் குறியீட்டு முறையில் 2685சி என்ற எண்ணோடு, பிரிட்டனில் 2004-இல் பதிவு கேட்டது. நெஸ்லே எதிர்த்தது. உறையின் முழுப் பரப்பிலோ அதில் மிகுதியாகவோ அந்த நிறம் இருக்கும் என்ற விண்ணப்பச் சொற்றொடர் ஒரே சின்னத்தைக் குறிக்காமல் பல வடிவங்களுக்கு இடம்கொடுக்கிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் பதிவை மறுத்தது.

இதுவரை சொன்ன வழக்குகள் எல்லாம் ஒரு வணிகருக்கும் இன்னொரு வணிகருக்கும், அல்லது வணிகருக்கும் பதிவு அலுவலகத்துக்கும் இடையே நடந்தவை. வாங்குவோரின் நினைவு ஒவ்வொன்றிலும் சாட்சியாக அழைக்கப்பட்டது. வாங்குவோர் ஒன்றிலும் கட்சிக்காரர் அல்லர். போட்டியாளர் ஒருவர் அந்த நினைவைத் திருடினால் சட்டம் தடுக்கும். நிறத்தின் உரிமையாளரே அதைத் தவறாகப் பயன்படுத்தினால்?

அமெரிக்காவில் 2010 ஜூன் 22 முதல் சிகரெட் பாக்கெட்டுகளில் "லைட்", "மைல்ட்" போன்ற சொற்கள் தடைசெய்யப்பட்டன. தடைக்குக் காரணம் இருந்தது. இந்தச் சிகரெட்டுகளின் வடிப்பானில் நுண்ணிய காற்றுத் துளைகள் உண்டு. சோதனை இயந்திரம் இழுக்கும்போது காற்று கலந்து தாரின் அளவு குறைவாகப் பதியும். புகைப்பவர் விரலாலும் உதட்டாலும் துளைகளை மூடி, ஆழமாக இழுத்து, தன் உடல் கேட்கும் நிகோடினை எடுத்துக்கொள்வார். தீமை குறையவில்லை, குறைந்தது போன்ற எண்ணம் மட்டும் மிஞ்சியது. தடைக்குப் பிறகு மார்ல்பரோ லைட்ஸ் "மார்ல்பரோ கோல்ட்" ஆனது. தங்க நிறம் புதிதாக வந்ததல்ல. லைட்ஸ் பாக்கெட்டில் ஏற்கெனவே இருந்ததுதான். தடை நெருங்கிய நாட்களில் அந்தப் பாக்கெட்டுகளிலேயே, பாக்கெட் மாறப்போகிறது, சிகரெட் மாறாது, இனித் தங்க நிறப் பாக்கெட்டைக் கேளுங்கள் என்ற பொருளில் அறிவிப்பு வைக்கப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுபற்றி விளக்கம் கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. தடைசெய்யப்பட்ட சொல்லின் பொறுப்பை நிறம் ஏற்றுக்கொண்டு, அதே பொய்யைச் சட்டத்துக்கு அகப்படாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆஸ்திரேலியா இந்த வழியையே அடைத்தது. 2012 டிசம்பர் முதல் அங்கே எல்லாச் சிகரெட் பாக்கெட்டுக்கும் ஒரே மங்கிய அடர்பழுப்பு, பான்டோன் 448சி. பார்ப்பவருக்குப் பிடிக்காத நிறம் எது என்று ஆய்ந்து தேர்ந்தெடுத்தது அது. புகையிலை நிறுவனங்கள் தங்கள் சொத்து பறிபோனதாக வழக்காடின. அரசு அந்தச் சின்னங்களைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2012-இல் ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் வழக்கைத் தள்ளியது. அதற்குப் பின்னும் "கோல்ட்", "புளூ" என்ற வகைப் பெயர்கள் பழுப்புப் பாக்கெட்டின் மேல் எழுத்தாகத் தொடர்ந்தன. இல்லாத நிறத்தின் பெயரைப் படித்தே பழைய பொருளை நினைவுகூரும் அளவுக்கு அந்தப் பழக்கம் ஊறியிருந்தது.

இந்த வெளிச்சத்தில் பாலுக்குத் திரும்புகிறேன். 2023 நவம்பரில் ஆவினின் பச்சைப் பாக்கெட்டுக்கு மாற்றாக 3.5 சதவீதக் கொழுப்புள்ள ஊதாப் பாக்கெட்டைக் கொண்டுவரும் முயற்சி தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. விலை அதே, கொழுப்பு ஒரு சதவீதம் குறைவு, அரை லிட்டரில் ஏறத்தாழ 5 கிராம். இது மறைமுக விலை உயர்வு என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். அந்த வாதத்தின் சரிதப்பு ஒருபுறம் இருக்கட்டும். இங்கே என் கவனம் வேறொன்றில். மாற்றம் மக்கள் கண்ணில் பட்டதற்குக் காரணம் நிறமும் கூடவே மாறியதுதான். அதே பச்சை உறைக்குள் 3.5 சதவீதப் பாலை ஊற்றி, சிறிய எழுத்தில் எண்ணை மட்டும் திருத்தியிருந்தால் எத்தனை வீடுகள் கவனித்திருக்கும்? பொருள் மாறும்போது நிறத்தையும் மாற்றியது அந்த அளவில் நேர்மையான செயல். மக்கள் கேள்வி கேட்க முடிந்ததே அதனால்தான்.

இதை நல்லெண்ணத்தின் பொறுப்பில் விடாமல் சட்டக் கடமையாக்க வேண்டும். அதற்கான இடம் இப்போதுள்ள சட்டத்திலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளம்பரம் என்பதன் இலக்கணத்தில் சீட்டையும் உறையையும் வெளிப்படையாகச் சேர்க்கிறது. பொருளின் தன்மை, உள்ளடக்கம், அளவு, தரம் குறித்து வாங்குவோரைத் தவறாக எண்ணவைப்பதும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அச்சட்டப்படி தவறான விளம்பரம். உறை விளம்பரம் என்றால் உறையின் நிறமும் விளம்பரமே. ஒரு தரத்தைக் குறிப்பதாக விற்பவரே பழக்கிய நிறத்துக்குள் தரத்தைக் குறைத்து வைப்பதை இந்தச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரிப்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வரும். செய்முறைகள் ஓயாமல் மாறுபவை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிறத்தை மாற்றினால் எந்த நிறமும் நிலைக்காது என்பது ஒன்று. இது நியாயமானது. ஆகவே யார் செய்த பொருள் என்று சொல்லும் நிறத்தையும், எந்தத் தரம் என்று சொல்லும் நிறத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்பரியின் ஊதா முதல் வகை. பால் பாக்கெட்டின் பச்சை இரண்டாம் வகை. என் கோரிக்கை இரண்டாம் வகைக்கு மட்டுமே. உறையில் எண் அச்சாகியிருக்கிறதே, படித்துக்கொள்ளட்டும் என்பது மற்றொன்று. இதை நான் சிறிதும் ஏற்கமாட்டேன். வாங்குவோர் எழுத்தைப் படிப்பதில்லை, நிறத்தைப் பார்க்கிறார்கள் என்ற அடிப்படையில்தான் வணிகர்கள் போட்டியாளருக்குத் தடை வாங்குகிறார்கள். போட்டியாளருக்கு எதிராகப் படிக்காதவராக இருந்த அதே மனிதர், நிறத்தின் உரிமையாளருக்கு எதிராக வரும்போது மட்டும் நுண்ணெழுத்துப் படிப்பவராக ஆகிவிட முடியாது.

தரத்தைக் குறிக்கும் நிறங்களை அரசே நிர்ணயிப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. பூச்சிமருந்துப் புட்டிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் நஞ்சின் கடுமையை இறங்குவரிசையில் காட்டுகின்றன. அந்த வரிசையில் பச்சையும் நஞ்சுதான், கடுமை குறைந்த நஞ்சு. மற்ற எல்லாக் கடைகளிலும் பச்சையை இயற்கையோடு சேர்த்துப் பழகிய விவசாயிக்கு அது தவறான தைரியத்தைத் தரக்கூடும் என்ற கவலை எனக்கு உண்டு. உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு வட்டமும் இருந்தன. பச்சையும் பழுப்பும் நிறக்குருடு உள்ளவர்களுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் பின்னர் அசைவக் குறி முக்கோணமாக மாற்றப்பட்டது. நிறத்தைப் பொதுமொழியாக ஏற்கும் அரசு அதன் குறைகளையும் தானே சரிசெய்ய வேண்டியிருக்கிறது. தனியார் கையில் அதை விட்டிருந்தால் இந்தத் திருத்தம் நடந்திருக்குமா என்பது ஐயமே.

பாலுக்கு முன்மாதிரியே இருக்கிறது. பாலின் வகையைக் குறிப்பது பற்றிய விதி ஒன்று உணவுக் கலப்படத் தடை விதிகளில் இருந்தது. பாலின் வகையைப் புட்டி மூடியில் எழுத்தால் குறிக்க வேண்டும்; அல்லது நிறத்தால் குறிக்கலாம். நிறத்தால் குறிப்பவர், எந்த நிறம் எந்தப் பால் என்ற விவரத்தை விற்பனை இடத்தில் மாட்டி வைக்க வேண்டும், உள்ளூர்ச் சுகாதார அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். பால் பாக்கெட் விற்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும், கூட்டுறவானாலும் தனியாரானாலும், அந்த விதியை இன்றைக்கு ஏற்பத் திருத்தி விதிக்கலாம்: நிறமும் கொழுப்பு அளவும் சேர்ந்த பட்டியல் ஒவ்வொரு பால் நிலையத்திலும் பெரிய எழுத்தில் தொங்க வேண்டும், அந்தப் பட்டியலில் எதை மாற்றுவதானாலும் குறிப்பிட்ட நாட்களுக்கு முன்பே உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் வாங்குவோருக்கும் அறிவிக்க வேண்டும், அறிவிக்காமல் மாற்றினால் அந்த நிறத்தின் கீழ் விற்ற பால் முழுவதும் தவறான சீட்டிட்ட சரக்காகக் கருதப்பட வேண்டும்.