மூன்று வார மௌனம்

1909ஆம் ஆண்டு. நியூயோர்க், கொலம்பியாப் பல்கலைக்கழக நூலகப் படிகளில் எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்குக் காலை வணக்கம் கூறினார் ஹரி எட்மண்ட்ஸ். இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தில் பணியாற்றியவர் அவர். அந்நகருக்குத் தாம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன என்றும், தம்முடன் பேசிய முதல் மனிதர் அவரே என்றும் அம்மாணவர் கூறினார்.

அச்சொற்கள் எட்மண்ட்ஸை உறுத்தின. அவரும் மனைவியாரும் பிறநாட்டு மாணவரை ஞாயிறு தோறும் தம் இல்லத்துக்கு விருந்துக்கு அழைக்கலாயினர். அவ்விருந்தே வளர்ந்து, இளைய ஜோன் டி. றொக்பெல்லரின் கொடையால், 1924இல் ‘சர்வதேச இல்லம்’ என்னும் பெருவிடுதியாக எழுந்தது.

அடுத்த இல்லம் கலிபோர்னியாவின் பேர்க்லியில் அமைந்தது. பல இனத்தவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதைப் பொறாத அயலவர்கள் கடுமையாக எதிர்த்தனர். எட்மண்ட்ஸ் பின்வாங்கவில்லை. வெள்ளையரல்லாதோரை ஒதுக்கிய மாணவர் கழகங்கள் நிறைந்திருந்த பீட்மண்ட் அவெனியூவையே அவர் வேண்டுமென்று தெரிந்தெடுத்தார். 1930இல் அங்கே கதவுகள் திறந்தன. 1932இல் சிக்காகோவிலும் ஓர் இல்லம் தோன்றியது.

நிதியும் கட்டடமும் பின்னர் வந்தவை. முதலில் ஒருவர் நின்று பேசவேண்டியிருந்தது. பிறநாட்டு மாணவரிடம் பெருங்கட்டணம் பெறும் பல்கலைக்கழகங்கள் இவ்வரலாற்றை மறத்தல் தகாது.