அப்பாவின் கணக்குக் கொப்பியில் 'அவ'

அன்புவழிபுரத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் கூரையைத் திருத்த வேண்டியிருந்ததால் அண்மையில் திருகோணமலை சென்று ஒரு வாரம் தங்கியிருந்தேன். அலுமாரியின் அடித்தட்டை ஒதுக்கியபோது, காணி உறுதிகளுடன் சேர்த்துக் கட்டப்பட்டிருந்த நான்கு கணக்குக் கொப்பிகள் கைக்கு வந்தன. காலஞ்சென்ற எனது தந்தையாருடையவை. இடம்பெயர நேர்ந்த ஒவ்வொரு தடவையும் உறுதிகளைப் போலவே இவற்றையும் அவர் தூக்கிச் சென்றிருக்கிறார்.

துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அவர் அரிசி, மண்ணெண்ணெய், எங்கள் பள்ளிக்கூடச் செலவு என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவைத்தவர். அவற்றின் நடுவே மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை 'படம்' என்ற பதிவு வருகிறது. படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முறை 'நான்' என்றும் அடுத்த முறை 'அவ' என்றும் குறிப்பு. முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு படங்களின் பெயர்களைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. 'நான்' என்பவை எல்லாம் சிவாஜி கணேசன் படங்கள். 'அவ' என்பவை எல்லாம் எம்.ஜி.ஆர். படங்கள்.

கணவனும் மனைவியும் எந்தப் படத்துக்குப் போவது என்று முரண்படுவது சரித்திரம் எழுதத் தகுந்த விடயமா என்று வாசகர்கள் கேட்கலாம். ஆனால் அந்தக் கொப்பிகளைப் புரட்டப் புரட்ட, அந்தச் சிறிய முரண்பாட்டைச் சுற்றி எங்கள் நாட்டின் நாற்பது ஆண்டுகால வரலாறு நின்றுகொண்டிருப்பதைக் கண்டேன். அதனாலேயே இதனை எழுதுகிறேன்.

பராசக்தி 1952 தீபாவளிக்கு வெளிவந்த காலம் முதல் எம்.ஜி.ஆர். 1977 ஜூனில் முதலமைச்சரான காலம் வரையிலான கால் நூற்றாண்டில், தமிழ் பேசும் குடும்பங்களில் இவ்விருவரில் ஒருவருடைய ஆளாக இல்லாதவர்கள் குறைவு. இலங்கையில் இதற்கு ஒரு தனி உறவும் இருந்தது. எம்.ஜி.ஆர். 1917 இல் பிறந்தது நாவலப்பிட்டியில். 1965 இல் சரோஜாதேவியுடன் அவர் இலங்கைக்கு வந்தபோது, ஒரு விருந்தாளியை அன்றி ஊர்ப்பிள்ளை ஒருவரை வரவேற்பது போலவே இங்குள்ளவர்கள் வரவேற்றார்கள். சிவாஜிக்கோ வசனத்தை நேசிப்பவர்களின் பக்தி இருந்தது. வீரபாண்டிய கட்டபொம்மன் படத்து வசனங்களைப் பள்ளிக்கூட மேடையில் பேசாத மாணவர் தலைமுறை ஒன்று இல்லை எனலாம். எனது தந்தையார் அந்தத் தலைமுறை. நல்ல தமிழ் பேசுபவனே நல்ல நடிகன் என்பது அவர் கட்சி.

தாயாரின் கட்சி வேறு. திரையில் எம்.ஜி.ஆர். குடிப்பதில்லை, புகைப்பதில்லை, தாயின் சொல்லை மீறுவதில்லை. அந்தப் பிம்பத்தை அவர் எவ்வளவு கவனமாகக் கட்டி எழுப்பினார் என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் போன்றோர் பின்னாளில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்த பெண்களுக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. மாலையில் கள்ளுக் குடித்துவிட்டு வரும் ஆண்களைத் தினமும் பார்த்தவர்களுக்கு, குடிக்காத ஒரு கதாநாயகனை மூன்று மணிநேரம் பார்ப்பதில் இருந்த நிம்மதியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இருவரும் சேர்ந்து நடித்த படம் ஒன்றே ஒன்றுதான். 1954 இல் டி.ஆர். ராமண்ணா இயக்கிய கூண்டுக்கிளி. அதுவும் ஓடவில்லை. ஆகவே இரு கட்சிகளையும் சேர்ந்த தம்பதியர் வேறு சமரசங்களைத் தேட வேண்டியிருந்தது. ஒன்று, முறை வைத்துக்கொள்வது. எங்கள் வீட்டில் நடந்தது அது. மற்றது, இருவரும் இல்லாத படத்துக்குப் போவது. ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை 1964 இல் வெளிவந்தபோது அதில் எம்.ஜி.ஆரும் இல்லை, சிவாஜியும் இல்லை. முத்துராமனும் ரவிச்சந்திரனும் நாகேஷும் இருந்தார்கள். திருமணமான புதிதில் இருவரும் ஒரு குறையுமின்றிச் சிரித்துக்கொண்டு திரும்பிய படம் அதுதான் என்று அம்மா இன்றும் சொல்வார்.

மூன்றாவது வழி, நடிகரை விட்டு இடத்தைப் பார்ப்பது. சிங்களத் திரையுலகின் முதலாவது முழுநீள வண்ணப்படமான ரன்முத்து தூவ 1962 இல் வெளிவந்தது. ஆர்தர் சி. கிளார்க்குடன் சேர்ந்து திருகோணமலைக் கடலில் சுழியோடி, கோணேசர் கோயிலின் பழைய சிதைவுகளைக் கண்ட மைக் வில்சன்தான் அதன் இயக்குநர். சுவாமிமலையும் அதன் அடியில் உள்ள கடலும் அதில் வருகின்றன. வண்ணத்தில் நமது ஊரைப் பார்ப்பதற்கு மொழி தேவையில்லை. 1978 இல் வெளிவந்த பைலட் பிரேம்நாத் இலங்கையில் படமாக்கப்பட்டு, சிவாஜியுடன் மாலினி பொன்சேகா நடித்தபோது, கொப்பியில் அதற்கு 'நான்' என்றும் இல்லை, 'அவ' என்றும் இல்லை. 'எல்லாரும்' என்று இருக்கிறது. என்னையும் தங்கையையும் கூட்டிச் சென்றிருக்கிறார்கள்.

ஆனால் இவ்விருவரும் எதைத் தெரிவுசெய்வது என்று பேசத் தொடங்குவதற்கு முன்னரே, வேறு பலர் தெரிவை முடித்திருந்தார்கள் என்பதுதான் கொப்பியை வாசிக்கும்போது எனக்கு உறைத்தது.

1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியது. படங்களை இறக்குமதி செய்வதும் விநியோகிப்பதும் அதன் ஏகபோகமாகின. உள்நாட்டுச் சினிமாவை வளர்ப்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் நியாயம் இருந்தது. இல்லாவிட்டால் இந்தியப் படங்களின் வெள்ளத்தில் சிங்களப் படமும் ஈழத்துத் தமிழ்ப் படமும் மூச்சுவிட முடியாது. கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்த குத்துவிளக்கு அதே 1972 இல்தான் வந்தது. 1976 இல் கோமாளிகள், 1977 இல் பொன்மணி, 1978 இல் வாடைக்காற்று என்று நம்மவர் படங்களும் தொடர்ந்தன. ஆயினும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த அந்த ஆண்டுகளில், சென்னையில் வெளியான படம் எங்கள் ஊருக்கு வந்துசேர நெடுங்காலம் சென்றது. வந்தபோதும், பல தியேட்டர்களில் ஓடித் தேய்ந்து கீறல் விழுந்த பிரதியாகவே வந்தது. அப்பாவும் அம்மாவும் முறை வைத்துச் சண்டையிட்டது, கொழும்பில் யாரோ ஒருவர் முன்கூட்டியே தெரிந்தெடுத்த சில படங்களுக்குள்ளேதான்.

அம்மாவின் நிலை இன்னும் மோசம். 1978 ஜனவரியில் வெளிவந்த மதுரையை மீட்ட சுந்தரபாண்டியனுடன் எம்.ஜி.ஆரின் திரை வாழ்க்கை முடிந்துவிட்டது. சிவாஜியோ ஆண்டுக்குப் பல படங்கள் நடித்துக்கொண்டிருந்தார். ஆகவே 'நான்' என்ற வரிகளில் புதிய படங்கள். 'அவ' என்ற வரிகளில் நாடோடி மன்னன், படகோட்டி, ஆயிரத்தில் ஒருவன் என்று பழைய படங்களின் மறுவருகை. அதற்காக அம்மா தமது முறையை விட்டுக்கொடுத்ததாகக் கொப்பியில் ஓரிடத்திலும் இல்லை.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ச் சினிமா பற்றிய தமது ஆய்வில் முக்கியமானதொரு கருத்தைக் கூறியிருக்கிறார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதலாவது கலையரங்கு சினிமாக் கொட்டகையே; அங்கு இருக்கை பிறப்பைக் கொண்டன்றிக் கொடுத்த காசைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது என்பது அதன் சாரம். கலரி, ஓ.டி.சி., பல்கனி என்ற பிரிவுகளில் அமர்ந்து படம் பார்த்த எமக்கு அது புரியும். ஆனால் அந்தக் காசு யாருடைய சட்டைப்பையில் இருந்தது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது ஆணின் சட்டைப்பையில்தான் இருந்தது. பெண்ணின் கையில் இருந்தது வானொலி. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் கே.எஸ். ராஜா திரைவிருந்து நிகழ்ச்சியை வழங்கும்போது, அடுப்படியில் நின்றபடியே எந்தப் படம் வந்திருக்கிறது, அதில் யார், பாட்டு எப்படி என்று அம்மா அறிந்துவிடுவார். நகரத்து நெல்சன் தியேட்டரின் சுவரொட்டியை அப்பா வேலைக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டு வந்து சொல்லும்போது, அம்மாவிடம் பதில் தயாராக இருக்கும்.

கொப்பியில் கடைசிச் சினிமாப் பதிவு 1983 ஜூலை. 'படம் - அவ' என்று இருக்கிறது. படத்தின் பெயர் இல்லை. தொகை இல்லை. மாதச் சம்பளம் வந்தவுடன் செலவுகளை முன்கூட்டியே எழுதிவைப்பது அவர் வழக்கம். அந்த மாத இறுதியில் திருகோணமலையும் எரிந்தது. கொழும்புக்கு அண்மையில் ஹெந்தளையில், தமிழரான கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டதும் அப்போதுதான். அங்கு பாதுகாக்கப்பட்டிருந்த சிங்களப் படங்கள் பலவற்றின் மூலப்பிரதிகளும் சாம்பலாகின. தமிழருடையது என்று எரித்தவர்கள் தமது சொந்த மொழியின் படங்களையும் சேர்த்து எரித்தார்கள்.

அதன் பிறகு எங்களுக்கு இரவுக் காட்சி என்ற ஒன்று இல்லை. ஊரடங்குச் சட்டம், சுற்றிவளைப்பு, 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர், இடப்பெயர்வு என்று ஆண்டுகள் கழிந்தன. இடையிடையே வீடியோ வந்தது. மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த டெக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் வாடகைக்கு எடுத்து, மின்சாரம் இல்லாத நாட்களில் மின்பிறப்பாக்கியையும் பிடித்து, ஒரே இரவில் மூன்று படங்கள் ஓடவிடுவார்கள். ஒழுங்கை முழுவதும் ஒரு முற்றத்தில் கூடும். எந்தப் படம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கிடைத்த கசெட்டே படம். வெளியே நாய் குரைத்தால் முதலில் சத்தத்தைக் குறைப்போம், பிறகு வெளிச்சத்தையும் அணைப்போம். அந்த ஆண்டுகளில் எங்கள் பெற்றோர் படத்துக்காகச் சண்டையிட்டதாக எனக்கு நினைவில்லை. அது ஒற்றுமையால் வந்ததல்ல. சண்டையிடத் தெரிவு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் இதே விடயத்தை வேறு வடிவங்களிலும் கண்டேன். பிரசன்ன விதானகேயின் புரஹந்த களுவரவை 2000 ஆம் ஆண்டில் அரசாங்கம் திரையிடவிடாமல் தடுத்தது; உயர் நீதிமன்றம் வரை சென்றே அவர் அதனை மீட்டார். அவருடைய மற்றொரு படமான ஒப நாதுவா ஒப எக்க 2012 இல் வந்தது. தஸ்தாயெவ்ஸ்கியின் கதையைத் தழுவி, மலையகத்து நகரொன்றில் அடகுக்கடை வைத்திருக்கும் சிங்களவர் ஒருவருக்கும் அவர் மணமுடிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் இடையிலான வாழ்க்கையைச் சொல்லும் படம். தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்ப்பதில் ஆழ்ந்திருக்கும் கணவனும், அவன் முன்பு இராணுவத்தில் இருந்தவன் என்பதைப் பின்னர் அறியும் மனைவியும் ஒரு சிறு வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். ஒரே திரையின் முன்னால் இருவேறு உலகங்கள் இருப்பதன் துயரத்தை அதைவிட நன்றாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை. 2014 இல் சென்னையில் அது திரையிடப்பட்டபோது, எதிர்ப்பும் அச்சுறுத்தலும் எழுந்து காட்சிகள் நிறுத்தப்பட்டன. கொழும்பில் அரசாங்கம், சென்னையில் தமிழின் பெயரால் பேசியவர்கள். பார்ப்பதா வேண்டாமா என்ற முடிவு இரு இடங்களிலும் பார்வையாளனின் கையில் விடப்படவில்லை.

எனக்கும் என் மனைவிக்கும் இந்த விடயத்தில் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. போரைப் பற்றிய படம் வந்தால் நான் முதல் நாளே பார்க்க விரும்புவேன், செய்தியாளனின் பழக்கம். 1990 இல் இடம்பெயர்ந்து பல மாதங்கள் அகதி முகாமில் இருந்த அவர், அப்படிப்பட்ட ஒரு காட்சியைக்கூடப் பார்க்கமாட்டார். வடிவேலு போதும் என்பார். 2002 இல் கன்னத்தில் முத்தமிட்டால் வந்தபோது, எம்மைப் பற்றிய படமல்லவா என்று வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். இடைவேளையில் எழுந்து வெளியே போனவர் திரும்பி வரவில்லை. படம் முடிந்து நான் வந்தபோது வாசலில் உள்ள வாங்கில் அமர்ந்திருந்தார். அன்று நான் செய்தது தவறு. அதை ரசனை வேறுபாடு என்று இலகுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒருவருக்குச் செய்தியாக இருப்பது மற்றவருக்கு வாழ்ந்து முடித்த ஒன்றாக இருக்கிறது.

கொப்பியை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். அந்தக் காலத்தில் எம்.ஜி.ஆர். மேல் அவ்வளவு பைத்தியமா என்று கேட்டேன்.

"பைத்தியமெல்லாம் இல்லைத் தம்பி. சிவாஜி படத்திலையும் நான் அழுதிருக்கிறன். ஆனால் அவர் இரண்டு படமும் தன்ட விருப்பத்துக்கே கூட்டிக்கொண்டு போனால், பிறகு எல்லாம் அவற்ற விருப்பமாய்ப் போயிடும். என்ட முறை எண்டு ஒண்டு இருக்கவேணும். அதுக்குத்தான் பிடிவாதமாய் நிண்டனான்."

1983 ஜூலைப் பதிவைக் காட்டி, அது எந்தப் படம் என்று கேட்டேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மறந்துபோச்சு. ஆனால் அந்த முறை என்ட முறைதான்," என்றார்.

அவருடைய அறையில் இப்போது ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. கனடாவில் இருக்கும் தங்கை வாங்கி அனுப்பியது. எந்தப் படத்தையும் எந்நேரமும் அதில் பார்க்கலாம். கூட்டுத்தாபனமும் ஊரடங்கும் குறுக்கே வரமுடியாது. முறைக்காக யாரிடமும் வாதாட வேண்டியதுமில்லை. அன்று இரவு, எதைப் போடட்டும் என்று கேட்டேன்.

"நீ சொல்லு," என்றார்.

இல்லை, உங்கள் முறை என்றேன். நாடோடி மன்னன் என்றார். நான் சிவாஜி கட்சி, அப்பாவைப் போலவே. ஆனாலும் முழுப்படத்தையும் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன்.