வெளிநாட்டில் வாங்கிய கார் வீடு வந்து சேருமா?

தொலைக்காட்சிக் கருத்துமேடைக்கு ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும் கேள்விகள் சில உண்டு. மகன் லண்டனில் படிப்பை முடித்துவிட்டான். மகள் மெல்பர்னில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறாள். அங்கே வாங்கி ஓட்டிய காரை இங்கே கொண்டு வரலாமா என்பது அவற்றுள் ஒன்று. சொந்தக் காசில் வாங்கிய காரைக் கப்பலில் ஏற்றி இறக்குவதற்கு ஏன் இத்தனை தடை என்று பெற்றோர்கள் ஆதங்கப்படுவதும் நியாயமே.

விதிமுறைகளை மட்டும் படித்தால் இதற்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும். அந்த விதிகள் ஏன் பிறந்தன என்று அறிய வேண்டுமானால் மலாயாவின் மோட்டார் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷார் காலத்தில் மலாயாவில் ஓடிய கார் எல்லாமே கப்பலில் வந்தவைதாம். தோட்டத் துரைமாரும் ஈயச் சுரங்க முதலாளிகளும் அவற்றை ஓட்டினார்கள். போர்டு நிறுவனம் 1926ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தன் மலாயா கிளையைத் தொடங்கியது. 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் அதன் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் கார்களைப் பொருத்தும் முதல் தொழிற்சாலை அதுவே. திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள், அதே கட்டடத்தில்தான் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டது. இன்று அது நினைவுக் காட்சியகம்.

சுதந்திரத்துக்குப் பின் மலேசிய அரசு வேறு வகையில் யோசித்தது. காரை முழுதாக வாங்கினால் பணம் வெளியே போகும். பாகங்களாக வரவழைத்து இங்கே பொருத்தினால் நம் மக்களுக்கு வேலை கிடைக்கும், தொழில் கற்றுக்கொள்ளவும் முடியும். இந்தச் சிந்தனையின் விளைவாக 1967இல் ஷா ஆலாமில் வோல்வோ கார்களைப் பொருத்தும் ஆலை தொடங்கியது. அன்று முதல் நம் நாட்டுச் சட்டத்தின் கண்ணில் கார் இரண்டு சாதியாகப் பிரிந்தது. பாகங்களாக வந்து இங்கே பொருத்தப்படும் கார் ஒன்று. முழுமையாகக் கட்டி முடித்து வெளியிலிருந்து வரும் கார் மற்றொன்று. முதலாவதற்குச் சலுகை, இரண்டாவதற்குத் தண்டனை. நம் பிள்ளை லண்டனிலிருந்து கொண்டு வரும் கார் பழையதோ புதியதோ, அது இரண்டாவது வகையில்தான் சேரும்.

அடுத்த கதவு 1970இல் வந்தது. அதுதான் எல்லாரும் பேசும் ஏபி, அதாவது இறக்குமதி அனுமதிப் பத்திரம். கார் இறக்குமதியிலும் விற்பனையிலும் பூமிபுத்ரா வணிகர்கள் காலூன்ற வேண்டும் என்ற நோக்கத்தில் ஏற்பட்ட முறை அது. எந்தக் கார் உள்ளே வரலாம், எத்தனை வரலாம் என்பதை அரசு இந்தப் பத்திரத்தின் மூலம் கட்டுப்படுத்தியது. வணிகருக்காகப் பிறந்த ஒரு முறைக்குள், வணிகம் செய்யாத தனிநபரும் நுழைந்தாக வேண்டியதாயிற்று. சொந்த உபயோகத்துக்காக ஒரே ஒரு கார் கொண்டு வருபவரும் ஏபிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பிறகு வந்தது தேசியக் கார். 1983 மே மாதம் புரோட்டோன் நிறுவனம் பதிவானது. 1985 ஜூலை 9ஆம் நாள் சாகா வெளிவந்தது. மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தில் பிறந்த கார் என்றாலும், நம் ஊர்ப் பெயரோடு ஒரு கார் சாலையில் ஓடியது பலருக்குப் பெருமையாக இருந்தது. சாகா ஒரு காலத்தில் நம் நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார். 1993இல் உருவான பெரோடுவாவும் அடுத்த ஆண்டு வந்த கஞ்சிலும் அந்தக் கனவை இன்னும் கீழே இறக்கி, எளியவர் கைக்கும் எட்டச் செய்தன. அந்தப் பிள்ளைகளை வளர்க்க வேண்டி, வெளியே கட்டப்பட்ட கார்களுக்கு உயர்ந்த வரிச் சுவர் எழுப்பப்பட்டது. 2004க்கு முன்பு முழுமையாகக் கட்டி வந்த கார்களின் இறக்குமதி வரி 140 விழுக்காடு முதல் 300 விழுக்காடு வரை இருந்தது. ஒரு கார் வாங்கினால் இன்னும் மூன்று கார்களின் விலையை வரியாகக் கட்டும் நிலை அது.

ஆசியான் சுதந்திர வாணிப ஒப்பந்தம் வந்தபோது அந்தச் சுவர் இடியும் என்று பலர் எதிர்பார்த்தனர். 2004 முதல் இறக்குமதி வரி குறைந்தது உண்மைதான். ஆனால் குறைந்த இடத்தைக் கலால் வரி பிடித்துக்கொண்டது. ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் எடுத்ததைப் போலத்தான் வாங்குபவருக்குத் தோன்றியது.

2005ஆம் ஆண்டு ஏபி விவகாரம் நாடெங்கும் வெடித்தது. புரோட்டோனின் ஆலோசகராக இருந்த முன்னாள் பிரதமர் டாக்டர் மகாதீர், ஏபி யார் யாருக்கு எப்படிக் கொடுக்கப்பட்டது என்று பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். அப்போது அனைத்துலக வாணிப, தொழில் அமைச்சராக இருந்தவர் ரபிடா அஸிஸ். ஏபி பெற்றவர்களின் பட்டியல் வெளியிடப்பட்டபோது, பெரும் பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடம் குவிந்திருந்தது தெரிய வந்தது. 2006 மார்ச்சில் வந்த தேசிய வாகனக் கொள்கை, திறந்த ஏபி முறை 2010 இறுதியில் முடியும் என்றது. 2009 அக்டோபரில் நடந்த மறு ஆய்வு அதை 2015 இறுதி வரை நீட்டித்தது. 2010 முதல் திறந்த ஏபி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரிங்கிட் கட்டணமும் வந்தது. 2015 போன பிறகும் ஏபி மட்டும் போகவில்லை.

இனி நம் மகளின் காருக்கு வருவோம். வரி எப்படிக் கூடுகிறது என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். சலுகை ஒப்பந்தம் எதிலும் சேராத, பெரிய எஞ்சின் கொண்ட பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். சுங்கத் துறை அதற்கு நிர்ணயிக்கும் மதிப்பு 100,000 ரிங்கிட். இறக்குமதி வரி 30 விழுக்காடு சேர்ந்தால் 130,000 ஆகிறது. கலால் வரி 105 விழுக்காடு, இந்தக் கூட்டுத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது. அது 136,500. மொத்தம் 266,500. அதன்மேல் 10 விழுக்காடு விற்பனை வரி 26,650. இறுதியில் 293,150 ரிங்கிட். வரிக்கு மேல் வரி ஏறுவதால், 100,000 ரிங்கிட் காருக்கு 193,150 ரிங்கிட் வரி. கப்பல் கூலி, காப்புறுதி, துறைமுகக் கட்டணம், பரிசோதனை, பதிவுச் செலவு ஆகியவையும் உண்டு.

பணத்தோடு தகுதியும் வேண்டும். வெளிநாட்டில் குறிப்பிட்ட காலம் சட்டப்படி தங்கியிருக்க வேண்டும். கார் தம் பெயரில் குறிப்பிட்ட மாதங்களாவது பதிவாகியிருக்க வேண்டும். காரின் வலப்பக்கம் ஸ்டியரிங் இருக்க வேண்டும். இங்கேயும் வரலாறு குறுக்கிடுகிறது. பிரிட்டிஷார் விட்டுச் சென்ற இடப்பக்கச் சாலை வழக்கத்தால், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் படித்தவருக்கு வழி உண்டு. அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ கார் வாங்கியவருக்கு, எவ்வளவு வரி கட்டத் தயாராக இருந்தாலும் பொதுவாக இடமில்லை.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் கதை வேறு. புக்கிட் தீமாவின் போர்டு ஆலை 1980இல் மூடப்பட்டது. காப்பாற்ற வேண்டிய தேசியக் கார் சிங்கப்பூருக்கு இல்லை. அந்நாட்டின் கவலை சாலை நெரிசல். 1968இல் காரின் மதிப்பில் 15 விழுக்காடாகத் தொடங்கிய கூடுதல் பதிவுக் கட்டணம் 1980இல் 150 விழுக்காட்டைத் தொட்டது. 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்தது. அதன்படி, காரைப் பத்தாண்டு வைத்திருக்கும் உரிமைக்கே ஏலத்தில் சிஓஇ சான்றிதழ் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,000 வெள்ளியைத் தாண்டியது.

வெளிநாட்டில் ஓட்டிய காரைச் சிங்கப்பூருக்குக் கொண்டு வருபவர், அது மூன்று வயதுக்கு உட்பட்டதாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய கார் என்பதற்காக 10,000 வெள்ளி கூடுதல் கட்டணம் உண்டு. 40,000 வெள்ளி மதிப்புள்ள காரை எடுத்துக்கொள்வோம். 2023 பிப்ரவரியில் வந்த விகிதப்படி கூடுதல் பதிவுக் கட்டணம் 48,000 வெள்ளி. கலால் வரி 8,000. பொருள் சேவை வரி 4,320. அந்த 10,000ஐயும் சேர்த்தால் 70,320 வெள்ளி. சான்றிதழ் விலை இதில் சேரவில்லை.

இவ்விரண்டு சட்டங்களுக்கும் நடுவே நிற்பவர்கள் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் மக்கள். வேலை அனுமதியில் இருக்கும்வரை மலேசியப் பதிவு எண் கொண்ட காரில் போய் வரலாம். அங்கே நிரந்தரவாசத் தகுதி கிடைத்துவிட்டால், அதே காரைச் சிங்கப்பூரில் ஓட்டக் கூடாது. கார் மாறவில்லை, ஓட்டுபவரும் மாறவில்லை. அடையாள அட்டை மாறியதும் கார் அந்நியப் பொருளாகிவிடுகிறது.

இதெல்லாம் அநியாயம் என்று முடித்துவிடலாமா? மறுபக்கமும் இருக்கிறது. சொந்தக் கார்களுக்குத் தாராளமாகக் கதவு திறந்தால், மாணவர் பெயரை வாடகைக்கு எடுத்து ஆடம்பரக் கார்களை இறக்கும் கூட்டம் முதலில் நுழையும். ஒரு பையனின் பெயரில் வந்த கார் மறுவாரமே வேறொருவர் வீட்டு வாசலில் நிற்கும். தங்கிய காலம், பதிவான காலம் என்ற நிபந்தனைகள் அந்தக் குறுக்கு வழியை அடைக்கவும் பயன்படுகின்றன.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வெளிநாட்டில் இருக்கும் திறமைசாலிகள் திரும்பி வர வேண்டும் என்று அரசு அழைக்கிறது. 2011இல் செயல்படத் தொடங்கிய டேலண்ட்கார்ப் நிறுவனத்தின் திட்டத்தில், திரும்பி வரும் நிபுணர்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு 15 விழுக்காடு நிலையான வருமான வரி என்ற சலுகையோடு, காருக்கான வரிச் சலுகையும் இடம்பெற்றது. திரும்பி வருபவருக்குக் கார் ஒரு பெரிய தடை என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதற்குப் பொருள். பெரிய பதவியில் இருப்பவருக்கு அந்தச் சலுகை எட்டும். ஐந்தாறு ஆண்டு தாதியாகவோ தொழில்நுட்பராகவோ உழைத்து, சேமித்த காசில் ஒரு சாதாரணக் கார் வாங்கிய பிள்ளைக்கு? வணிகரையும் வீடு திரும்புபவரையும் ஒரே தராசில் நிறுக்கும் முறையைப் பிரித்துப் பார்ப்பது கடினமான காரியம் அல்ல. ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறை, ஒரு கார், சில ஆண்டுகளுக்கு விற்கத் தடை என்று வரம்பு கட்டி, மிதமான வரி விதித்தால் நாட்டுக்கு நட்டம் பெரிதாக இராது.

அது வரும்வரை பெற்றோர்கள் உணர்ச்சியை ஒதுக்கிவைத்துக் கணக்குப் போட வேண்டும். கார் கப்பல் ஏறிய பிறகு அனுமதி தேடுவது ஆபத்து. துறைமுகத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். பிள்ளை வெளிநாட்டில் கார் வாங்கும் முன்பே, அதை அங்கேயே விற்றுவிட்டு வரப்போகிறாரா, கொண்டு வரப்போகிறாரா என்று கேட்டுவிடுங்கள். கொண்டு வருவதானால் அமைச்சின் விதிகளையும் சுங்கத் துறையின் மதிப்பையும் முதலில் எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்குக் கணக்கு சொல்லும் பதில் ஒன்றுதான்: காரை அங்கேயே விற்றுவிட்டு, பிள்ளை மட்டும் பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.