மனச்சிதைவு நோயும் மரபணுக்களும்: மூளையின் வெண்பொருளில் நடப்பது என்ன?

இல்லாத குரல் காதில் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகம், கோர்வையற்ற பேச்சு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயின் முக்கிய அறிகுறிகள். உலகில் 2 கோடிக்கும் அதிகமானோர் இந்நோயுடன் வாழ்கின்றனர்.

வீட்டில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்தவுடன் எழும் முதல் கேள்வி, 'இது பரம்பரையாக வருமா?' என்பதுதான். திருமணப் பேச்சு எழும்போது அந்தக் கேள்வியே அச்சமாக மாறுகிறது. நோய் மறைக்கப்படுகிறது, சிகிச்சையும் தள்ளிப்போகிறது.

மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் இந்த நோய்க்கென்று ஒற்றை மரபணு கிடையாது. 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்து 2022-ல் வெளியான சர்வதேச ஆய்வு, நோயுடன் தொடர்புள்ள 287 மரபணுப் பகுதிகளை அடையாளம் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியே அபாயத்தை மிகச் சிறிதளவே கூட்டுகின்றன.

இவை மூளையில் என்ன செய்கின்றன? மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பு இழைகளின் கட்டுகளே வெண்பொருள். மின்கம்பியின் மேலுறை போல, இந்த இழைகளை மயலின் என்னும் கொழுப்பு உறை சுற்றியுள்ளது. செய்திகள் விரைந்து செல்ல அதுவே உதவுகிறது.

இழைகளின் ஒழுங்கை ஒருவகை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் அளக்கலாம். எனிக்மா என்ற ஆய்வுக் கூட்டமைப்பு, 1,963 நோயாளிகளை 2,359 நோயற்றவர்களுடன் ஒப்பிட்டு 2018-ல் முடிவை வெளியிட்டது. ஆராயப்பட்ட 25 பகுதிகளில் 20-ல், நோயாளிகளிடம் இந்த அளவு சராசரியாகக் குறைந்திருந்தது. நோயில்லாத நெருங்கிய உறவினர்களிடமும் இதன் லேசான சாயலைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. எனவே, இது முழுக்க மருந்துகளின் விளைவு என்று சொல்ல முடியாது.

2002-ல் ஐஸ்லாந்து ஆய்வில் இந்நோயுடன் தொடர்புபடுத்தப்பட்ட நியூரெகுலின்-1 என்ற மரபணு, மயலின் உருவாக்கத்திலும் பங்கு வகிக்கிறது. ஆனால் பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் அதை முன்னிலைப்படுத்தவில்லை. 2022 ஆய்வு சுட்டிய மரபணுக்கள் பெரும்பாலும் நரம்பணுக்களில் இயங்குபவை. ஆகவே வெண்பொருள் மாற்றம் நோயின் மூலகாரணமாக அல்லாமல், நரம்பணுக்களின் இணைப்பில் ஏற்படும் குறையின் தொடர் விளைவாகவும் இருக்கலாம்.

வயதும் கவனிக்கத்தக்கது. மயலின் உறை 20 வயதைக் கடந்தும் வளர்கிறது. நெற்றிப் பகுதியில்தான் தாமதமாக நிறைவடைகிறது. இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் பதின்பருவ இறுதி முதல் 30 வயதுக்குள்தான்.

அப்படியானால் மரபணுதான் தலைவிதியா? இல்லை. 2018-ல் வெளியான டென்மார்க் ஆய்வின்படி, மரபணுக்கள் ஒன்றாகவே அமைந்த ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால், மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே. பிரசவகாலச் சிக்கல்கள், கஞ்சாப் பழக்கம் போன்றவையும் அபாயத்தைக் கூட்டுகின்றன.

யாருக்கு இந்நோய் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ இன்று இல்லை. எனவே அறிகுறிகள் தென்பட்டால் பேய் பிடித்தது என்றோ, பெற்றோர் வளர்ப்பின் குற்றம் என்றோ காலம் கடத்தாமல் மனநல மருத்துவரை அணுக வேண்டும். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, படிப்பும் வேலையும் குடும்ப வாழ்வும் மீளும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.