காற்றாலை இறக்கை நுனி

காற்றாலை இறக்கையின் வெளிமுனையில் உள்ள கடைசிச் சில மீட்டர் பகுதி நுனி எனப்படும். அளவில் சிறியதானாலும் ஆலையின் விளைச்சலில் அதன் பங்கு பெரிது. சுழலும் வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருமடிக்கேற்ப வளர்கிறது. ஆகவே இறக்கை நீளத்தின் வெளிப்புறப் பத்தில் ஒரு பங்கே வட்டப்பரப்பில் 19 விழுக்காட்டை வருடிச் செல்கிறது. காற்று கைநழுவிப் போவதும் அதே இடத்தில்தான். இறக்கையின் ஒரு முகத்தில் அழுத்தம் மிகுதி, மறுமுகத்தில் குறைவு. இந்த வேறுபாடே இறக்கையைச் சுழற்றுகிறது. நுனியில் தடுப்பு இல்லாததால் அழுத்தம் மிகுந்த பக்கத்துக் காற்று நுனியைச் சுற்றி மறுபக்கம் தாவி, முறுக்கிய கயிறுபோல் ஒரு சுழலாகப் பின்னால் நீள்கிறது. அந்தச் சுழல் கொண்டுபோகும் ஆற்றல் மின்னாக்கிக்கு வருவதில்லை. இதுவே நுனியிழப்பு. காற்றாலையின் இரைச்சலுக்கும் அந்தச் சுழல் ஒரு காரணம்.

உறைக்குள் சுழலும் சுழலிகளிலும் இந்த இழப்பு உண்டு. எரிவாயுச் சுழலியில், இறக்கை நுனிக்கும் உறைக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளி வழியே வெப்பவாயு வேலை செய்யாமலே கசிந்துவிடும். இடைவெளியைக் குறுக்குவது, நுனியில் விளிம்பு எழுப்புவது, நுனிகளை வளையத்தால் மூடுவது ஆகியவை அங்கே பரிகாரங்கள். காற்றாலைக்கு உறையே கிடையாது. எனவே பெரும்பாலும் நுனியின் வடிவத்தைக் கொண்டுதான் இழப்பைக் குறைத்தாக வேண்டும்.

புதுச்சேரி வட்டாரத்தில் காற்றைக் கொண்டு வேலை வாங்கும் முயற்சி தண்ணீர் இறைப்பதில் தொடங்கியது. நகரின் வடக்கே செம்மண் மேட்டில் 1968-இல் தோன்றிய ஆரோவில், காடு வளர்க்கக் கிணற்று நீரை நம்பியிருந்தது. 1970-களிலிருந்து அங்கே காற்று இறைப்பான்கள் எழுந்தன. ஆரோவில் பட்டறைகளில் உருவான ஏ.வி.-55 அவற்றுள் பேர்பெற்றது. வளைத்த தகட்டு இறக்கைகள் பல, வட்டத்தில் நெருக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். அவற்றின் நுனிகள் நேராக வெட்டப்பட்டவை. இதை அக்கறையின்மை என்று கொள்ளக்கூடாது. இறக்கைகள் பெருகப் பெருக நுனியிழப்பு குறையும். மேலும், இறைப்பானின் நுனி காற்றின் வேகத்தை ஒட்டிய வேகத்தில்தான் நகர்கிறது. மெல்லிய காற்றிலும் நீர்த்தம்பத்தைத் தூக்கிப் புறப்படும் முறுக்கு வலிமையே அதற்குத் தேவை. மின்சாரம் எடுக்கும் மூவிறக்கை ஆலையிலோ நுனி காற்றைவிட ஆறேழு மடங்கு விரைந்து செல்லும். நுனியின் வடிவம் ஒரு கேள்வியாக எழுந்தது இங்கேதான்.

அந்தக் கேள்விக்கான அறிவியல் விமானத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் 1897-இலேயே சிறகு முனையில் தடுப்புத் தகடு பொருத்தும் யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் லுட்விக் பிராண்டல் 1919-இல் நுனியிழப்பைக் கணக்கிட ஒரு திருத்தக் காரணியைத் தந்தார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் பெட்ஸ், எந்தக் காற்றாலையும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்று காட்டினார். பிராண்டலின் காரணி இன்றும் வடிவமைப்புக் கணினி நிரல்களில் இடம்பெறுகிறது. பிரான்சின் ஜார்ஜ் டாரியூ 1920-களில் வேறு வழியில் போனார். இறக்கையை வில்லாக வளைத்து இரு முனைகளையும் நிமிர்ந்த அச்சிலேயே பூட்டினார். அந்த அமைப்பில் காற்றில் தொங்கும் நுனியே இல்லை. ஆயினும் வேறு குறைகளால் அது பரவவில்லை.

நுனிக்கு முதன்முதலில் கிடைத்த பெரிய பொறுப்பு, இழப்பைக் குறைப்பது அன்று, ஆலையை நிறுத்துவது. டென்மார்க்கின் யோஹன்னஸ் யூல் 1957-இல் கெட்சர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் ஆலை ஒன்றை அமைத்தார். வட்டத்தின் விட்டம் 24 மீட்டர். மின்கட்டம் அறுந்தால் மின்னாக்கியின் பிடி விட்டுப்போகும். தடையற்ற இறக்கைகள் நொடிகளில் வெறிகொண்டு சுழலும். யூல் இறக்கை நுனிகளைத் தனித் துண்டாக்கி, ஆபத்தின்போது காற்றுக்குக் குறுக்கே திரும்புமாறு செய்தார். அந்த ஆலை பத்தாண்டுகள் பெரும் பழுதின்றி ஓடியது. பின்னர் டென்மார்க் ஆலைகள் பல இதே வழியைப் பின்பற்றின. நடைமுறையில் நுனியை நீரழுத்த உருளை ஒன்று எஃகுக் கம்பியால் இழுத்துப் பிடித்திருக்கும். அழுத்தம் விடுபட்டதும் மையவிலக்கு விசை நுனியை வெளியே தள்ள, திருகுப் பள்ளம் வழியே அது 90 பாகை திரும்பிவிடும். ஆலையை நிறுத்த மின்சாரம் தேவைப்படாது என்பதே இதன் அருமை.

இந்த நுனிகள்தாம் தமிழ்நாட்டுக்கு வந்துசேர்ந்தன. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மின்வாரியம் மாதிரிக் காற்றாலைகளை நிறுவியது. அடுத்து கயத்தாறும் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலும் காற்றாலை ஊர்களாயின. 1990-களில் தனியார் நிறுவிய 250 கிலோவாட் மைகான் போன்ற இயந்திரங்களில் இறக்கை அசையாது. நுனி மட்டுமே திரும்பும். ஊழியர்கள் அதை ‘டிப் பிரேக்’ என்பார்கள். ஆடிக் காற்று உச்சத்தில் வீசும்போது பீடர் எனும் மின்வழி துண்டிக்கப்பட்டால் கோபுரத்தைக் காப்பது அதுதான். அதற்கு ஒரு விலையும் இருந்தது. நுனிக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள பிளவில் காற்று கசியும், சீட்டியடிக்கும். விளைச்சல் மிகுந்த அதே இடத்தில் ஓட்டம் கலையும். உள்ளே அச்சும் கம்பியும் செல்ல வேண்டியிருந்ததால் நுனியை விரும்பியபடி மெலிக்கவும் முடியவில்லை. பாதுகாப்புக்காக விளைச்சலில் ஒரு பங்கைத் தெரிந்தே விட்டுக்கொடுத்த வடிவம் அது. மின்தடை வழக்கமாயிருந்த காலத்தில் அந்த விட்டுக்கொடுப்பு சரியானதே.

இறக்கை முழுவதையும் அடியிலிருந்து திருப்பும் முறை பரவியபின் நுனி பிரேக் வேலையிலிருந்து விடுபட்டது. மூன்று இறக்கைகளும் தனித்தனியே திரும்பக்கூடியவையாதலால் ஒன்று பழுதானாலும் மற்றவை ஆலையை நிறுத்திவிடும். அதன் பிறகே நுனியின் வடிவம் காற்றோட்டத்தை மட்டும் கருதி மாறத் தொடங்கியது. அகலம் சட்டென முடியாமல் மெல்லக் குறுகி வாள்முனையாயிற்று. அமெரிக்காவின் நாசாவில் ரிச்சர்ட் விட்கோம்ப் 1976-இல் விமானச் சிறகுக்கு வகுத்த நிமிர்ந்த முனையைக் காற்றாலையிலும் முயன்றனர். ஜெர்மனியின் எனெர்கான் நிறுவனம் 2000-களின் நடுவில் இ-70 முதலிய ஆலைகளில் வளைந்த நுனியைக் கொண்டுவந்தது. டென்மார்க்கின் ரீசோ ஆய்வகம் கணினியில் பாவித்துப் பார்த்தபோது, வளைந்த முனையால் மின்விளைச்சல் ஒரு விழுக்காட்டை ஒட்டியே கூடியது. இறக்கையைப் பின்னோக்கித் தள்ளும் விசையும் உடன் கூடியது. விமானத்தில் பெரும்பயன் தந்த உத்தி இங்கே சிறுபயனே தருவதற்குக் காரணம் உண்டு. விமான நிலையத்து நிறுத்துமிடத்தின் அகலம் சிறகின் நீளத்துக்கு வரம்பு கட்டுகிறது. காற்றாலைக்கு அத்தகைய வரம்பு இல்லை. முனையை மடக்குவதற்குச் செலவாகும் பொருளில் இறக்கையை நேராகவே நீட்டிக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் ஆதரித்த வடிவம் வேறு வகையைச் சேர்ந்தது: நுனி சுழலும் தளத்திலேயே அரிவாள்போல் பின்னுக்கு வளைந்திருக்கும். பலத்த காற்று அடிக்கும்போது இறக்கை தானே சற்று முறுகிச் சுமையை விட்டுக்கொடுக்கும். அதனால் அதே கோபுரத்தில் நீளமான இறக்கையைப் பூட்ட இயலும்.

புதுச்சேரி இந்த வரலாற்றில் காற்றடிக்கும் ஊராக அல்லாமல் இறக்கை செய்யும் ஊராக இடம்பெறுகிறது. விழுப்புரம் சாலையில் திருவண்டார்கோயில் பகுதியில் சுஸ்லான் என்னும் காற்றாலை நிறுவனத்தின் தொழிற்சாலை அமைந்தது. கண்ணாடியிழைத் துணியை நீண்ட அச்சில் விரித்து, காற்றை உறிஞ்சியெடுத்து, ரெசினைப் பரவவிட்டு இருபாதி ஓடுகளாக வார்த்து ஒட்டுவது இத்தொழிலின் பொதுமுறை. வரைபடத்தில் எளிதாகத் தோன்றும் வாள்முனை, பட்டறையில்தான் கடினமாகிறது: ஓடுகள் நெருங்கிவரும் அந்த ஒடுக்கத்தில் பசை சீராகப் படிய வேண்டும், மின்னலை வாங்கி அடிக்குக் கடத்தும் உலோக முனையையும் அங்கேயே பதிக்க வேண்டும்.

நீளம் கூடக்கூட நுனியின் பகை மழைத்துளியாகிறது. 144 மீட்டர் விட்டமுள்ள ஆலை நிமிடத்துக்கு 11 முறை மட்டும் சுற்றினாலும் நுனி மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அந்த வேகத்தில் மோதும் துளியும் மணலும் முன்விளிம்பை அரித்துச் சொரசொரப்பாக்க, வழுக்கிச் செல்ல வேண்டிய காற்று கலைகிறது. நுனியின் முன்விளிம்பில் பாதுகாப்புப் படலம் ஒட்டுவதும் அரித்த இடத்தைப் பூசி நேர்செய்வதும் இதனால் பராமரிப்பின் வழக்கமான வேலைகளாயின. டிப் பிரேக் காலத்தவை போன்ற பழைய ஆலைகளுக்கான மறுசீரமைப்புக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்டது. பழைய இயந்திரங்களைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுவவும், புதுப்பித்து ஆயுளை நீட்டிக்கவும் அது வழிசெய்கிறது.