வைரத்தில் ஏன் ஒரே கோடு?

மலேசியாவின் கெடா மாநிலத்துக் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் தொடங்கப்பட்டது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த லூனாஸ் என்ற ஊருக்கு அது பக்கத்தில்தான். தோட்டத்துக் கணக்கில் பால் எடையைப் பார்த்து வளர்ந்த வட்டாரத்தில் சிலிக்கான் வில்லைகள் சிப்புகளாக மாறத் தொடங்கின. அந்தத் தொழிலுக்கு உதவும் கணிதம் ஒன்று வங்காள விரிகுடாவின் அக்கரையில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வால்டேரில் பக்குவப்பட்டது. சமச்சீர்க் குலங்களின் கணிதம் அது. இயற்பியலில் அதன் பலம், என்ன நடக்கும் என்று சொல்வதைவிட என்ன நடக்கவே முடியாது என்று முன்கூட்டிச் சொல்வதில்தான் இருக்கிறது என்பது என் வாதம். அதற்குச் சாட்சி வைரம்.

சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டது இது. ஒற்றை நிற ஒளியை ஒரு பொருளில் பாய்ச்சினால், சிதறி வருவதில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி, ராமன் ஒளியாக வருகிறது. அணுக்களின் அதிர்வு வாங்கிக்கொண்ட அல்லது கொடுத்த ஆற்றல்தான் அந்த வேறுபாடு. 1930இல் சி. ராமசாமியும் எஸ். பகவந்தமும் வைரத்தைச் சோதித்தபோது, சென்டிமீட்டருக்கு 1332 அலைகள் என்ற இடத்தில் கூர்மையான கோடு ஒன்று கிடைத்தது. கோடானுகோடி அணுக்கள் அடுக்கிய கல்லில் ஒரே ஒரு கோடு. அது ஏன்?

சதுர நடவு செய்த ரப்பர் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் நின்று கால் சுற்றுத் திரும்பினால், கண்ணுக்கு முன் அதே நிரைகள்தான் தெரியும். இப்படிப் பார்வையை மாற்றினாலும் அமைப்பை மாற்றாத திருப்பல்கள், பிரதிபலிப்புகள் எல்லாம் சேர்ந்ததே அந்த அமைப்பின் குலம். வைரத்தின் கனசதுரச் சமச்சீருக்கு அப்படி 48 செயல்கள் உண்டு. திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அலகில் 2 அணுக்கள். ஒவ்வொன்றும் மூன்று திசைகளில் அசையலாம், ஆக 6 அசைவுகள். அவற்றில் மூன்று, அலகு முழுவதும் ஒன்றாக நகர்வது. அதில் அதிர்வு இல்லை. மிச்சமுள்ள மூன்றில் இரண்டு அணுக்களும் எதிரெதிராக ஆடுகின்றன. 48 செயல்களும் இந்த மூன்றையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடுவதால் மூன்றுக்கும் ஒரே அதிர்வெண்தான். அணுக்களைப் பிணைக்கும் விசை எவ்வளவு என்று தெரியாமலே, கோடு ஒன்றுக்கு மேல் வராது என்று சொல்லிவிட முடிகிறது.

மூலக்கூறுகளின் அதிர்வுக்கு இந்த வழியை 1930இல் காட்டியவர் இயற்பியலாளர் விக்னர். அதைப் படிகங்களின் அலகுக்குக் கொண்டுவந்து, எத்தனை அதிர்வுகள், அவற்றில் ராமன் ஒளியில் தெரிபவை எத்தனை, அகச்சிவப்பை உறிஞ்சுபவை எத்தனை என்று எண்ணும் முறையை வகுத்தவர்கள் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் பகவந்தமும் கணிதவியலாளர் டி. வெங்கடராயுடுவும். 1939இல் கட்டுரையாகவும் 1948இல் வால்டேரில் அச்சான நூலாகவும் அது வெளிவந்தது. கோட்டைக் கண்ட கையே அதன் காரணத்தையும் எழுதியது என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கோடு முதலில் வந்தது, கணக்கு பிறகுதானே, இது நடந்தபின் சொல்லும் ஜோசியம் இல்லையா என்று கேட்கலாம். அக்காலத்து இயற்பியலாளர் பலருக்கே குலக் கணிதம் கசந்தது. அதைக் கொள்ளைநோய் என்றுகூடச் சிலர் ஏசினார்கள். ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. வைரத்தின் அலகில் இரண்டு அணுக்களுக்கும் நடுப்புள்ளி வழியாக எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் அமைப்பு மாறாது. எனவே ராமன் ஒளியில் தெரியும் அதிர்வு அகச்சிவப்பை உறிஞ்சவே கூடாது. சோதித்தபோது சில வைரங்கள் கீழ்ப்படிந்தன. பெரும்பாலானவை அந்தப் பகுதியிலேயே உறிஞ்சின. கணக்குக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேண்டியதில்லை. 1944இல் ராமன், உறிஞ்சும் வைரங்களின் கட்டமைப்பே வேறு, அவற்றுக்கு அந்த நடுப்புள்ளிச் சமச்சீர் கிடையாது என்று வாதிட்டார். அந்த விளக்கம் நிற்கவில்லை. 1959இல் ஆய்வாளர்கள் கைசரும் பாண்டும் காட்டியபடி, அந்த வைரங்களில் நைட்ரஜன் கலந்திருந்தது. அந்நிய அணு உட்கார்ந்த இடத்தில் சமச்சீர் உடைகிறது, தடை தளர்கிறது. ராமன் கைகாட்டிய இடம் தவறு. ஆனால் தடை மீறப்பட்டால் சமச்சீர் எங்கோ கெட்டிருக்கிறது என்ற அவர் தர்க்கம் பழுதில்லாதது.

உண்மைப் படிகம் எதுவும் குறையற்றதல்ல, குறையற்ற குலத்தை வைத்து என்ன பயன் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சிலிக்கானுக்கு வைரத்தின் கட்டமைப்புதான்; ஆகவே அதற்கும் ஒரே கோடு, 520இல். இடம் மாறியதற்கு அணுவின் எடையும் பிணைப்பின் வலுவும் காரணம். அவற்றைக் குலம் சொல்லாது, அதன் எல்லை அதுதான். வில்லையை ஒரு பக்கமாக அழுத்தினால் கனசதுரச் சமச்சீர் குறைகிறது. ஒன்றாயிருந்த மூன்று அதிர்வுகள் பிரிகின்றன, கோடு நகர்கிறது. அந்த நகர்விலிருந்து சிப்புக்குள் தேங்கிய இறுக்கத்தை, வில்லையைத் தொடாமலே ஒளியால் அளக்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் இன்ஃபினியான் நிறுவனம் கூலிமில் திறந்த ஆலை சிலிக்கான் கார்பைடுக்கானது. இந்தப் பொருளில் ஒரே அணுக்கள் வெவ்வேறு வரிசையில் அடுக்கி நிற்கும். 4ஹெச் என்ற வகையின் அலகில் 8 அணுக்கள், 6ஹெச் வகையில் 12. அணுக்கள் கூடக் கூட அனுமதிக்கப்பட்ட அதிர்வுகளும் கூடுகின்றன, எவை தெரியும் என்பதை வால்டேர் வழியில் எண்ணிவிடலாம். மின்சாரக் கார்களுக்கான சிப்புகளுக்கு வேண்டியது 4ஹெச். அதற்குள் 6ஹெச் எங்காவது கலந்திருந்தால், அங்கே இருக்கக்கூடாத ஒரு கோடு தலைகாட்டும்.